தண்டையார்பேட்டை மாடித்தோட்டமும் ஒரு தையல்சிட்டும்

பார்வை இல்லாதவர்களுக்கு ஒரு தோட்டம் போடலாம் என்று யாராவது பேச்செடுத்தால், அடுத்த வார்த்தை வாசனைச் செடி என்றுதான் வருகிறது. மல்லி, மரிக்கொழுந்து, துளசி, எல்லாம் மணக்க வேண்டும், வேலை முடிந்தது. எனக்கும் மரிக்கொழுந்து பிடிக்கும். ஆனால் தினமும் மாடியேறித் தண்ணீர் ஊற்றுகிற, களை பிடுங்குகிற, காய் பறிக்கிற ஒரு பார்வையற்ற ஆளுக்கு வாசனை பின்வரிசைத் தேவைதான். முதலில், நேற்று இருந்த இடத்தில்தான் இன்றைக்கும் தொட்டி இருக்க வேண்டும். அப்புறம், கையை எங்கே நீட்டினாலும் காயம் படக்கூடாது. அதற்கடுத்து, பறவை வர வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னால்தான், "பார்க்க முடியாதவங்களுக்குப் பறவை எதுக்கு?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் நல்லவர்கள்தான், தெரியாமல் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், என்னைப் போலவே கண் தெரியாமல் ஒரு தொட்டியாவது வைக்க ஆசைப்படுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் இரண்டு மாடி வீடு, அதற்கு மேலே மொட்டைமாடி. எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரைக் குறைபாடு. பள்ளிக்கூட வயதில் மாலைக்கண்ணாகத் தொடங்கியது, பிறகு பார்வை வட்டம் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது, இப்போது வெயிலா நிழலா என்பது மட்டும் தெரிகிறது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி முழுக்க எங்கள் இலைகள்மேல்தான். காசிமேட்டுப் பக்கமிருந்து உப்புக்காற்று. போர்த் தண்ணீரும் உப்பு. செடிக்குச் சொகுசான ஊர் இல்லை இது. ஆனாலும் கத்தரி காய்க்கிறது, முருங்கை பூக்கிறது, கற்பூரவல்லி வேண்டாம் வேண்டாம் என்றாலும் வளர்கிறது. இலையை விரலால் தடவினால் மாவு மாவாக ஒட்டுகிறதா என்று பார்த்து, ஒட்டினால் ஒரு தடவை பைப்பைப் பிடித்து எல்லாவற்றையும் கழுவிவிடுவேன். வடசென்னையில் மாடித்தோட்டம் போடுகிற யாரும், கண் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், இந்த ஒன்றைச் செய்யுங்கள், தூசி படிந்த இலை சரியாக மூச்சு விடாது.

மாடியின் நடுவில் எதுவுமே கிடையாது. எல்லாத் தொட்டியும் குரோ பேகும் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரே வரிசையில், இடுப்பு உயரத்துக்கு அடித்த இரும்பு ஸ்டாண்டுகள்மேல் நிற்கின்றன. படிக்கட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்து வலது கையை நீட்டினால் முதல் தொட்டி, அங்கிருந்து கையை எடுக்காமல் நடந்தால் சுவரோடு சுற்றி மறுபடி கதவுக்கே வந்துவிடலாம். குனிய வேண்டாம், தேட வேண்டாம், வெண்கோலும் வேண்டாம். திரும்புகிற மூலை ஒவ்வொன்றிலும் ஒரு வாசனைச் செடி. முதல் மூலையில் கற்பூரவல்லி, அடுத்ததில் திருநீற்றுப்பச்சிலை, தண்ணீர்க் குழாய் இருக்கும் மூலையில் புதினா. வாசனைக்கு நான் கொடுத்திருக்கிற வேலை இதுதான், எந்த மூலையில் நிற்கிறேன் என்று சொல்வது. இலையில் கை உரசினாலே தெரிந்துவிடும்.

வீட்டில் கண் தெரிந்தவர்களுக்கு ஒரே ஒரு விதி: எதையும் நகர்த்தக் கூடாது. அண்ணி வடாம் காயப்போட வந்தால் நடுவில் போட்டுவிட்டு, "நடுவுல வடாம் இருக்கு" என்று கீழே வந்து சொல்லிவிடுவார். தொட்டியை வெயிலுக்காக இரண்டு அடி தள்ளி வைப்பது அவர்களுக்கு உதவி, எனக்கு அது முட்டி பெயர்கிற விஷயம். துணி காயப்போடும் கொடி தலைக்கு மேலே ஒரு முழம் தூக்கிக் கட்டியிருக்கிறது. தக்காளிக்கும் அவரைக்கும் ஊன்றுகிற குச்சியின் மேல்நுனியில் காலி தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட வேண்டும், இதை யார் கேட்டாலும் முதலில் சொல்கிறேன். குனிந்து களை எடுக்கும்போது குச்சி நேராகக் கண்ணில் குத்தும். கண் தெரியாதவர்களுக்கு இனிக் கண்ணில் குத்தினால் என்ன என்று நினைக்கிறவர்களும் உண்டு. வலிக்கும், ஐயா. தவிர, எஞ்சியிருக்கிற அந்த வெயில் நிழலும் எனக்குப் பெரிய சொத்து.

தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித்தோட்டத் தளையில், அதாவது கிட்டில், பை, நார்க்கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் இருக்கும். நல்ல திட்டம்தான். ஒரே கஷ்டம், விதைப் பொட்டலங்கள் எல்லாம் தடவிப் பார்த்தால் ஒன்றுதான். பொட்டலத்தின் ஓரத்தில் பிரெய்ல் புள்ளியில் இரண்டு எழுத்து இருந்தால் போதும், எங்களில் எத்தனையோ பேர் யாரையும் கூப்பிடாமல் விதைப்போம். இப்போதைக்கு யாராவது ஒரு தடவை வாசித்துச் சொல்ல, டப்பாவில் போட்டு அடையாளம் வைத்துக்கொள்கிறேன். தொட்டிகளுக்குப் பெயர் எழுத நான் பயன்படுத்துவது பழைய எக்ஸ்ரே ஃபிலிம். பிரெய்ல் சிலேட்டில் வைத்து எழுத்தாணியால் குத்தினால் புள்ளி எழும்பி நிற்கும், மழைக்கும் வெயிலுக்கும் அசையாது. பிற்பாடு பார்வை போனவர்கள் நிறையப் பேருக்கு பிரெய்ல் தெரியாது. அவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போதும், ஒரு பொத்தான் கத்தரி, இரண்டு தக்காளி என்று கம்பியில் கோத்துக் கட்டலாம். விதையே கையில் பேசும் என்பது வேறு விஷயம். வெண்டை உருண்டை, பாகல் தட்டையாகச் செதுக்கின மாதிரி ஓரம் கரடாக இருக்கும், கீரை விதை மட்டும் விரலில் நிற்காது, மணலோடு கலந்து தூவிவிட வேண்டும்.

இனி கை. கண் தெரிந்தவர்கள் செடியைப் பூவை வைத்து அடையாளம் கண்டுகொள்கிறார்கள், எனக்குத் தண்டு. துளசியின் தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள், உருளாது, நான்கு பட்டை. புதினாவும் அப்படித்தான், திருநீற்றுப்பச்சிலையும் அப்படித்தான், எல்லாம் ஒரே குடும்பம். பிரண்டையும் நாலு பட்டைதான், ஆனால் கணு கணுவாக வரும், குடும்பமும் வேறு. கோரைப்புல்லின் தண்டு முக்கோணம், மூன்று ஓரமும் கூராகத் தெரியும். சாதாரணப் புல் உருளும், கோரை உருளாது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதிக் களையெடுப்பு முடிந்த மாதிரி, ஏனென்றால் கோரையை மேலே கிள்ளினால் பிரயோஜனமில்லை, கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். கீழாநெல்லி தானாக முளைத்திருந்தால் இலைக்காம்பின் அடியில் விரலை விட்டால் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்கும், அதைப் பிடுங்காமல் விட்டுவிடுவேன். விதைப்பதை எப்போதும் ஒரு கயிறு பிடித்து நேர்வரிசையில் விதைப்பது நல்லது. கயிற்றில் ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு விதை. முளைத்த பிறகு முடிச்சில் இல்லாமல் நடுவில் நிற்பது எதுவாக இருந்தாலும் களை.

பூச்சியும் கையில்தான் முதலில் தெரியும். இலைக்கு அடியில் பஞ்சு பஞ்சாக ஒட்டினால் மாவுப்பூச்சி, செம்பருத்திக்கு அது தீராத தொல்லை. இலை மேலே பிசுபிசுவென்றால் மேலே எங்கோ அசுவினி உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் ஒரு தடவை தண்டு முழுக்க எறும்பு ஏறுகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னதற்கு முன்பே பிசுபிசுப்பை வைத்து நான் பைப்பால் அடித்துக் கழுவியிருந்தேன். கனிந்ததா என்பதும் கைதான் சொல்லும். வெண்டையின் நுனி பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். கத்தரியை அழுத்தினால் விரல் பதிந்து மெல்ல மேலே வர வேண்டும்.

இப்படிக் கையை முழுக்க நம்பி இறங்குகிறவர்களின் தோட்டத்தில் சில செடிகள் இருக்கவே கூடாது. அரளி வேண்டாம், அதன் எல்லாப் பாகமும் விஷம். எருக்கு வேண்டாம், அந்தப் பால் பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் கருவிழி கெட்டுவிடும். செங்காந்தள் நம் மாநில மலர், அழகு என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் அதன் கிழங்கில் கொல்லும் நஞ்சு இருக்கிறது, கிழங்கைத் தடவித் தேடுகிறவர்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. தூதுவளை மருந்துதான், முள்ளும்தான், அதைத் தனியாக ஓர் ஓரத்தில், அதற்கு முன்னால் காலித் தொட்டி ஒன்றைத் தடுப்பாக வைத்து வளர்க்கிறேன். பிரெய்ல் வாசிக்கிற விரலில் முள் ஏறினால் ஆறும்வரை புத்தகம் இல்லை, அதனால் தடிமன் கையுறை போட்டுக்கொண்டு எதையும் உணராமல் வேலை செய்வதைவிட, மருந்துக்கடையில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் கையுறை போதும்.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக. விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும், ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். தொட்டிக்கு இத்தனை மக் தண்ணீர் என்று கணக்கு வைத்துக்கொண்டால் வழியாது. அவ்வளவுதான்.

இப்போது பறவை.

கண் தெரியாதவர்களுக்குப் பறவை எதற்கு என்றால், பறவை எங்களுக்குச் செய்தி சொல்கிறது. விடிவதற்கு வெகு முன்பே, கோடை மாதங்களில், குயில் தொடங்கிவிடும். ஆண் குயில் கூ என்று சுருதி ஏற்றிக்கொண்டே போகும், பெண் குயில் கிக் கிக் கிக் என்று அவசரமாகக் கத்தும், இரண்டும் ஒரே பறவை என்று பலருக்குத் தெரியாது. அது கத்தும்போது பக்கத்து வேப்பமரத்தில் காகம் விரட்டுகிற சத்தமும் சேர்ந்து கேட்டால், கூட்டில் முட்டை வைக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். கொண்டைக்குருவி சாதாரணமாகப் பேசுவது ஒரு விதம், பூனை மாடிக்கு வந்துவிட்டால் பேசுவது வேறு விதம். அந்தக் குரல் கேட்டால் நான் வைப்பர் கட்டையை எடுத்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டுவேன், பூனை இறங்கிப் போய்விடும். சாயங்காலம் கிளிக்கூட்டம் தலைக்கு மேலே கத்திக்கொண்டு போனால் வெளிச்சம் முடியப் போகிறது, மாடியில் துணி இருந்தால் எடுக்கலாம். பெயர் தெரியாத குரல் வந்தால் ஃபோனில் மெர்லின் செயலி. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தருவது, 2021இல் குரலை வைத்தே பறவையைச் சொல்லும் வசதியைச் சேர்த்தார்கள். மைக்கைத் திறந்துவைத்தால், திரையில் வருவதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதி என் காதில் பெயரை வாசிக்கும். லாரி ஹாரனுக்கு நடுவில் அதுவும் திணறும், அதனால் ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் அதற்கு நல்ல நேரம். பொங்கலை ஒட்டித் தமிழ்நாடு முழுக்க நடக்கிற பறவைகள் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து பட்டியல் போட்டால் போதும், காதால் மட்டும் கேட்ட பறவையையும் சேர்க்கலாம். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து யார் வந்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உருகுவேயில் பிறந்த ஹுவான் பாப்லோ குலாசோ பிறவியிலேயே பார்வை இல்லாதவர், பறவைக் குரல்களைப் பதிவு செய்வதையே தொழிலாக்கிக்கொண்டவர். அவரைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை, இது எங்களுக்கு இயல்பான வேலை.

தையல்சிட்டு விஷயத்துக்கு வருகிறேன். பத்து கிராம்கூட எடை இல்லாத குருவி, அதன் குரலோ தெருமுனை வரை போகும். டுவிட் டுவிட் டுவிட் என்று நிறுத்தாமல். சில நாட்களாகவே அது ஒரே இடத்திலிருந்து கேட்டது, கத்தரிச் செடிகள் இருக்கும் பக்கம். பிறகு குரல் குறைந்து, இறக்கை படபடப்பு மட்டும், வருவதும் போவதுமாக. எனக்குச் சந்தேகம் வந்தது. அண்ணியைக் கூப்பிட்டு, தொடாமல் தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன். "அய்யோ, இலையைத் தச்சு வச்சிருக்கு!" என்றார். என் வேலை முழுக்கக் கையில்தான், கூடு மட்டும் கை வைக்கக் கூடாத இடம். கை பட்ட வாசனைக்குத் தாய்ப் பறவை ஓடிவிடும் என்பது கட்டுக்கதை, ஆனால் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்தால் விட்டுவிட்டுப் போகும், நாம் கிளையை விலக்கினால் காகமும் பார்த்துவிடும். அதனால் அந்தப் பைக்கு இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் பழைய துணியைப் பெரிய முடிச்சாகக் கட்டிவிட்டோம். சுவரோடு கையை ஓட்டிக்கொண்டு வரும்போது முடிச்சு தட்டுப்பட்டால் கையை எடுத்துவிட்டு நாலு எட்டு தள்ளி நடந்து அடுத்த முடிச்சுக்கு அப்பால் மறுபடி வைக்க வேண்டும். தண்ணீர் ஒரு பாட்டிலிலிருந்து கயிற்றுத் திரி வழியாக வேரில் தானே சொட்டும்படி வைத்தோம். குஞ்சு பொரித்தது கேட்டுத்தான் தெரிந்தது, தாய் வந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் மெல்லிய கீச்சு, அது நாளுக்கு நாள் பலமாகிக்கொண்டே வந்தது.

எல்லாம் பறந்து போய், பல நாள் குரலே இல்லாத பிறகு, அந்தக் கூட்டைத் தொட்டுப் பார்த்தேன். கத்தரி இலையின் சொரசொரப்பு வெளியே. இரண்டு இலையின் ஓரமும் சேர்கிற இடத்தில் ஊசி போட்ட அளவுக்குத் துளைகள், ஒவ்வொரு துளையிலும் நூல் ஒன்று உள்ளே போய் வெளியே வந்திருக்கிறது. முடிச்சு இல்லை. நூலின் முனையைப் பிரித்துப் பஞ்சாக உப்பவைத்திருக்கிறது, அந்த உப்பல்தான் துளைக்குள் திரும்பிப் போகாமல் பிடித்துக்கொள்கிறது. தையல் தெரிந்த எங்கள் அம்மாவின் கையில் கொடுத்தேன், ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தார். உள்ளே பஞ்சு, தேங்காய் நார்ப் பிசிறு, கீழே இரண்டு சின்ன இறகு. பறவையைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், அது போட்ட தையலைத் துளைத் துளையாக விரலால் எண்ணியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இதில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பறவைக்கு வேண்டியதும் எனக்கு வேண்டியதும் பெரும்பாலும் ஒன்றுதான். கூடு கட்டுகிற பறவைக்கும் பொருள்கள் இடம் மாறக் கூடாது. இலையில் மருந்து இருக்கக் கூடாது, ஏனென்றால் சிட்டுக்குருவி தானியம் தின்றாலும் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும், தேன்சிட்டும் அப்படியே. மருந்து அடித்த இலையை நானும் தடவ முடியாது, தடவிய கையால் சாப்பிடுகிறவள் நான். நான் மருந்து அடிப்பதில்லை. கொஞ்சம் அசுவினி இருக்கட்டும், அது யாரோ ஒரு குஞ்சின் காலைச் சாப்பாடு. மூலையில் இருக்கும் ஒட்டடையைக்கூட முழுக்க அடிக்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன், தேன்சிட்டு சிலந்தி நூலை வைத்துத்தான் தன் தொங்கும் கூட்டை ஒட்டுகிறது. எங்கள் பக்கத்தில் அது கொடிக்கம்பியிலும் கட்டும், வாசல் விளக்கு வயரிலும் கட்டும்.

தானியம் தூவுவதைப் பற்றி என் அபிப்பிராயம் சிலருக்குப் பிடிக்காது. மாடியில் அரிசி கொட்டினால் வருவது புறா. நூறு புறா வந்து உட்கார்ந்தால் மற்ற எதுவும் வராது, எச்சம் தரையெல்லாம், கையால் நடக்கிற எனக்கு அது நோய். தூவாதீர்கள், வளருங்கள். ஒரு குரோ பேகில் கம்பு விதைத்துக் கதிரை அறுக்காமல் விட்டால் சிட்டுக்குருவியும் கிளியும் தொங்கித் தின்னும், அந்தத் தண்டு ஆடுகிற சரசரப்பே தனி. மணத்தக்காளிப் பழமும் கோவைப் பழமும் கொண்டைக்குருவிக்கு. இட்லிப்பூ, செம்பருத்தி, முருங்கைப் பூ மூன்றும் இருந்தால் தேன்சிட்டு தினமும் வரும்.

தண்ணீர் வைக்க அகலமான மண் தட்டு, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், நடுவில் ஒரு கரடுமுரடான கல். தினமும் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும், கொசுப் புழு பார்க்க வீடு வீடாக வருகிறவர்கள் கேட்டால் நம்மிடம் பதில் இருக்க வேண்டும். தட்டை நான் உட்காரும் நாற்காலியிலிருந்து ஆறேழு அடியில் வைத்திருக்கிறேன், மைனா குளித்தால் முழுக்கக் கேட்கும், இரண்டு மைனா சண்டை போட்டுக்கொண்டு குளித்தால் என் காலில் தெறிக்கும். காற்றுமணி மட்டும் தொங்கவிடாதீர்கள். பார்வையற்றோர் தோட்டம் என்றால் மணி கட்டாயம் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். காற்றடிக்கிற வடசென்னை மாடியில் அது நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும், அதற்குள் எந்தக் குரலும் கேட்காது.

சிட்டுக்குருவிக்கு மரப்பெட்டி மாட்டுகிறவர்கள் வாசலின் அளவைக் கவனியுங்கள், ஒன்றேகால் அங்குலம். பத்து ரூபாய் நாணயம் உள்ளே போய்ச் சுற்றிலும் கொஞ்சம் இடம் இருந்தால் சரி. அதைவிடப் பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும். பிற்பகல் வெயில் அடிக்காத சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே. எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் இதையெல்லாம் தாங்களே செய்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள், பழைய கடைகளின் ஷட்டரிலும் மீட்டர் பெட்டியிலும் இன்னும் குருவி இருக்கிற ஊர் இது.

மாஞ்சா நூல் பற்றிச் சொல்லாமல் வடசென்னை மாடியைப் பற்றி எழுத முடியாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுக்கத் தடை போட்டது, நம் ஊரில் கழுத்து அறுபட்டு மனிதர்களே இறந்திருக்கிறார்கள். இன்னும் பட்டம் அறுந்து மாடியில் விழுகிறது. நூல் முருங்கைக் கிளையில் சுற்றிக்கொண்டால் கண்ணாடித்தூள் பூசிய அந்த நூல் பறவையின் இறக்கையையும் அறுக்கும், என் விரலையும் அறுக்கும். பட்டம் விடுகிற சீசனில் காலையில் மாடிக்கு முதலில் போவது அண்ணன்தான், கிளைகளையும் கொடியையும் பார்த்து நூல் இருந்தால் கத்தரித்து, சின்னச் சின்னதாக நறுக்கி, மூடிய டப்பாவில் போடுவார். முழு நூலைக் குப்பையில் போட்டால் கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் பருந்தின் காலில் சுற்றும். பட்டம் விடும் தம்பிகளே, சாதா நூலில் விடுங்கள், பட்டம் அதிலும் பறக்கும்.

கீழ்த் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார். துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர், சர்க்கரை வியாதியில் பார்வை போய்விட்டது, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மருமகள் ஒரு நாள் கைபிடித்து மாடிக்கு அழைத்து வந்தார். முதலில் நாற்காலியை விட்டு எழவே இல்லை. நான் அவர் கையைப் பிரண்டைமேல் வைத்தேன். "இன்னாம்மா இது, நாலு பட்டையா கீது?" என்றார். கணுவைத் தடவினார். "பிரண்டை! எங்கம்மா தொவையல் அரைக்கும்." அதற்கப்புறம் அவரே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்தார். மூலையில் கை உரசியதும் நின்று, "ஓமவல்லி" என்றார். செம்போத்து எங்கிருந்தோ ஊப் ஊப் என்று அடித்தொண்டையில் கூப்பிட்டது, "அது வந்துச்சுன்னா நல்ல சேதி" என்றார். இப்போது அவர் வீட்டு வாசலில் இரண்டு பை இருக்கின்றன, ஒன்றில் பிரண்டை, ஒன்றில் வெண்டை, குச்சி நுனியில் பாட்டில்.

வீட்டில் செய்ய முடிகிறதை ஊர்ப் பூங்காவிலும் செய்ய முடியும். புரூக்ளின் தாவரவியல் பூங்காவில் 1955இலேயே ஆலிஸ் ஐரீஸ் என்ற பெண் வடிவமைப்பாளர் பார்வையற்றவர்களுக்கென்று ஒரு தோட்டம் அமைத்தார், பாத்திகள் கைக்கு எட்டும் உயரத்தில், பிரெய்லில் பெயர்கள். நம் பக்கத்தில் கோழிக்கோடு பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்தில் தொட்டும் முகர்ந்தும் அறிகிற பகுதி இருக்கிறது. மெரினா மணலில் மாற்றுத்திறனாளிகள் கடல்வரை போக 2022இல் மரப்பாதை போட்ட நகரம் இது, நம்மால் முடியாதது இல்லை. வடசென்னைப் பூங்கா ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஓரம் போதும். நடைபாதை ஓரத்தில் கால் உணரும் வரம்பு, இடுப்பு உயரப் பாத்தி, தொடலாம் என்று அனுமதிக்கப்பட்ட இரண்டு மரம், அரளி வேலி இல்லாத பக்கம், குருவி ஒளிந்துகொள்ள வெட்டாத புதர் ஒன்று. குஞ்சு பொரிக்கும் மாதங்களில் வேலியை மழுங்க மழுங்க வெட்டுவதை நிறுத்த வேண்டும். முக்கியமாக, காலை நடைப்பயிற்சி நேரத்தில் கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவதை ஏழு மணி வரையாவது அணைத்து வைக்க வேண்டும். பாட்டு வேண்டுமென்றால் காதில் மாட்டிக்கொள்ளலாம். அந்த ஒரு மணி நேரம்தான் மரங்கொத்தியும் கரிச்சானும் பேசுகிற நேரம், பூங்காவில் எங்களுக்குக் கிடைக்கிற காட்சி முழுக்க அதுதான். எங்கள் வார்டில் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன், உங்கள் வார்டில் நீங்கள் கொடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆடியில் மூன்று பையோடு தொடங்குங்கள்: வெண்டை, கம்பு, கற்பூரவல்லி. ஒன்று உங்களுக்கு, ஒன்று குருவிக்கு, ஒன்று இடம் தெரிவதற்கு. ஐப்பசி மழைக்கு முன்னால் பையின் அடியில் இருக்கும் துளைகளில் குச்சியை விட்டு அடைப்பெடுத்து, ஸ்டாண்டைச் சுவரோடு கம்பியால் கட்டிவிடுங்கள். மழையில் தண்ணீர்த் தட்டு தேவைப்படாது, அதைக் கவிழ்த்து வையுங்கள், அதே இடத்தில்.